சுவர்ப் பூக்களுக்குள் மனித உருவம்: உக்ரேனிய ஓவியத்தின் நூறாண்டு

இன்றைய உக்ரேனிய உருவ ஓவியங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். ஒரு பெண் நேருக்கு நேர் நிற்கிறாள், அல்லது ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் நிழல் இல்லை. பின்னால் தூரம் என்று ஒன்றும் இல்லை. சட்டையில் உள்ள பூத்தையல், தலையில் சூடிய மலர் வளையம், பின்னணியில் படரும் கொடி எல்லாமே ஒரே தளத்தில் இருக்கின்றன. முகத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை ஓவியர் ஒரு இலைக்கும் கொடுத்திருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது ஆனால் ஆழமில்லை என்று பலர் கடந்துபோகிறார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தட்டையான முகத்தை வரைந்ததற்காக உக்ரேனில் ஆட்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். பூக்களை மட்டும் வரைந்தவர்களுக்கோ அதே ஆண்டுகளில் பள்ளிகளும் பரிசுகளும் கிடைத்தன. இந்த ஓவியங்களை அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றில் என்ன நடக்கிறது என்பது புரியும்.

முதலில் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். டினிப்ரோ நகரத்தை அடுத்த பெட்ரிகிவ்கா என்ற ஊரில் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளைக் களிமண் பூசி, அடுப்பைச் சுற்றியும் ஜன்னல் ஓரங்களிலும் பெண்கள் பூக்கள் வரைவார்கள். பண்டிகைக்கு முன்பு பழையதை வெள்ளையடித்து மறைத்துவிட்டுப் புதிதாக வரைவது வழக்கம். அப்புறம் மெல்லிய காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டும் பழக்கம் வந்தது. அந்தக் காகிதங்கள் சந்தையிலும் விலை போயின. தூரிகை பூனை முடியில் செய்தது. நிறத்தோடு முட்டை மஞ்சள் கரு கலப்பார்கள். முன்னதாகக் கோடு போட்டுக்கொள்வது கிடையாது. கை நேராகச் சுவருக்குப் போகும். ஒரு அழுத்தலில் தொடங்கி மெலிந்து முடியும் தீற்றல், சீப்புப் பற்கள் போலப் பிரியும் தீற்றல், விதை மாதிரி விழும் சின்னத் தீற்றல் என்று சில வகைகள்தான். ஒரே தூரிகையில் இரண்டு நிறங்களை ஏற்றி, ஒன்று மற்றொன்றில் கரைவது போல இழுப்பதும் உண்டு. கலினா எனப்படும் சிவப்புப் பழக் கொத்துக்கு விரல் நுனியே தூரிகை. இந்தக் கலையை 2013-ல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சுவர்களில் பூவும் பறவையும் நிறைய உண்டு, மனிதர்கள் குறைவு. மனித உருவம் வேறு இடங்களில் வந்தது. கொசாக் மமாய் என்ற வீரனின் படம் அவற்றில் முக்கியமானது. காலை மடித்து உட்கார்ந்து கோப்ஸா என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் ஒருவன். பக்கத்தில் ஈட்டியில் கட்டிய குதிரை, ஓக் மரத்தில் தொங்கும் வாள், தரையில் குடுவையும் கிண்ணமும். கதவிலும், மரப்பெட்டியிலும், துணியிலும் இந்தப் படத்தைப் பெயர் தெரியாத கைகள் நூற்றுக்கணக்கான முறை வரைந்திருக்கின்றன. கார்பாத்திய மலைப் பகுதியில் கொசிவ் என்ற ஊரில் அடுப்புக்கான ஓடுகளில் ஆட்களை வரைந்தார்கள். அந்த ஊர்க் குயவர் ஒலெக்ஸா பக்மாத்யுக் (1820–1882) வரைந்த ஓடுகளில் சிப்பாய்களும், இசைக்காரர்களும், வேட்டைக்காரர்களும், புனித நிக்கோலாவும் பச்சை, மஞ்சள், பழுப்பு என்ற மூன்றே நிறங்களில் வரிசையாக நிற்கிறார்கள். அதே மலைகளில் ஐகான் எனப்படும் புனிதர் படங்களைக் கண்ணாடியின் பின்பக்கம் வரைவதும் இருந்தது. கண்ணாடி ஓவியத்தில் எல்லாம் தலைகீழ் வரிசை. முதலில் வெளிக்கோடு, அப்புறம் நுணுக்கம், கடைசியில்தான் பின்னணி. தவறு செய்தால் மறைக்க வழியில்லை. அதனால் ஓவியர் தேவையானதை மட்டும் வரைவார், உறுதியாக வரைவார்.

இவற்றோடு ருஷ்னிக் எனப்படும் பூத்தையல் துணியையும் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு மரம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான கிளைகள், பறவைகள். சில துணிகளில் அந்த மரத்தின் இடத்தில் கைகளை உயர்த்திய ஒரு பெண் நிற்பாள். அவள் மரமா பெண்ணா என்று பிரித்துச் சொல்வது கடினம். உருவ ஓவியர் ஒருவர் இந்த மரபிலிருந்து கற்றுக்கொள்வது இதைத்தான். உடலை ஒளி நிழலால் உருட்டிக் காட்ட வேண்டியதில்லை. கோட்டின் வளைவு, திரும்பத் திரும்ப வரும் வடிவம், வெற்றிடத்தை நிரப்பும் முறை இவற்றாலேயே ஒரு மனிதரைக் கட்ட முடியும். ஐரோப்பியக் கலைக் கல்லூரிகள் சொல்லிக்கொடுத்த உடற்கூறும் தூரக்காட்சியும் இந்த இடத்தில் உதவாது.

இந்த வழியை முழு மனதோடு எடுத்துக்கொண்டவர் மிகைலோ பொய்ச்சுக். 1882-ல் தெர்னோபில் பகுதியின் ரொமானிவ்கா கிராமத்தில், அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த பகுதியில் பிறந்தார். விவசாயக் குடும்பம். லிவிவ் நகரத்து கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயர் ஆந்திரே ஷெப்டிட்ஸ்கி பண உதவி செய்ய, கிராக்கோவ், வியன்னா, மியூனிக் என்று படித்து பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே 1910-ல் சுதந்திர ஓவியர் கண்காட்சியில் அவருடைய சின்னக் குழு பைசாந்திய மரபைப் புதுப்பிக்கிறோம் என்ற அறிவிப்போடு ஓவியங்களை வைத்தது. பிக்காசோவும் மற்றவர்களும் பொருளை உடைத்துக் கொண்டிருந்த நகரத்தில் இவர் பழைய ஐகானையும், ஜோட்டோவுக்கு முந்தைய இத்தாலியச் சுவரோவியத்தையும், தன் ஊர்க் கம்பளத்தையும் ஒன்றாகப் பார்த்தார். மூன்றிலும் வரைபவரின் தனிப்பட்ட உணர்ச்சியை விடப் பொதுவான வடிவ ஒழுங்கு முன்னால் நிற்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியமாகத் தோன்றியது.

ஊர் திரும்பி லிவிவ் அருங்காட்சியகத்தில் பழைய ஐகான்களைச் சீர்செய்யும் வேலை பார்த்தார். எனக்குத் தெரிந்து அவருடைய உண்மையான பள்ளி அதுதான். ஒரு ஐகானின் உரிந்த வண்ணத்தை அடுக்கு அடுக்காகப் பார்த்தவருக்குத்தான், மரப்பலகை, சுண்ணப் பூச்சு, முட்டைக்கரு டெம்பரா என்ற வரிசை எப்படி ஒரு முகத்தை உருவாக்குகிறது என்பது கையில் படியும். 1917 டிசம்பரில் கீவில் உக்ரேனியக் கலை அகாதெமி தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியர்களில் ஒருவரானார். சுவரோவியமும் மொசைக்கும் அவர் பட்டறையின் பாடம்.

அங்கே மாணவர்கள் கூட்டாக வேலை செய்தார்கள். கையெழுத்துப் போடுவதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1919-ல் கீவில் லுட்ஸ்க் படைமுகாம், 1928-ல் ஒதேஸா அருகில் விவசாயிகளுக்கான ஓய்வில்லம், 1930களில் கார்கிவ் நகர நாடக அரங்கு என்று பெரிய சுவர்களை நிரப்பினார்கள். இன்று அந்தச் சுவரோவியங்களில் ஒன்றும் நமக்கு முழுதாக மிஞ்சவில்லை. மிஞ்சிய பலகை ஓவியங்களில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது மிகைலோவின் தம்பி திமோஃபி பொய்ச்சுக் ஆப்பிள் மரத்தடிப் பெண்களை வரைந்தது. 1920 வாக்கில் வரைந்தது. கிளை வளையும் விதமும் குனியும் முதுகின் வளைவும் ஒன்றே. பழத்தின் வட்டம் தலையின் வட்டத்தில் மறுபடி வருகிறது. அந்த ஓவியத்தில் அலங்காரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்ட முடியாது. பூத்தையல் இல்லை, மலர் வளையம் இல்லை. ஆனால் முழு ஓவியமும் ஒரு ருஷ்னிக் கட்டப்பட்ட முறையில் கட்டப்பட்டிருக்கிறது. திமோஃபி 1922-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

இவர்களோடு சேராமல் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தவர் ஃபேதிர் கிரிசெவ்ஸ்கி. அவருடைய ‘வாழ்க்கை’ என்ற மூன்று பகுதி ஓவியத்தில் (1925–27) வியன்னா ஓவியர் கிளிம்ட்டும் உக்ரேனியச் சுவரோவியமும் ஒரே சட்டகத்தில் சந்திக்கின்றன. 1928-ல் வெனிஸ் கண்காட்சிக்கும் அது போனது.

1930களின் நடுவில் காற்று மாறியது. 1932–33 பஞ்சம் கிராமங்களை அழித்திருந்தது. ஓவியத்தில் சோவியத் நாடு முழுவதற்கும், உழைப்பாளரைத் திரண்ட உடலோடும் மகிழ்ச்சியோடும் காட்டும் சோஷலிச யதார்த்தவாதம் ஒன்றே வழி என்று ஆணையாயிற்று. பொய்ச்சுக் வரைந்த விவசாயிகள் உடல் உருண்டு திரளாமல், சிரிக்காமல், ஐகானில் நிற்கும் புனிதர்களைப் போல நின்றார்கள். அது போதுமான குற்றமாயிற்று. 1926–27-ல் அவரும் துணைவி சோஃபியா நலெபின்ஸ்காவும் மாணவர் வசில் செத்லியாரும் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி சென்று வந்ததும் அவர்கள் மீதான வழக்குக்குப் பயன்பட்டது. 1937 ஜூலை 13-ல் மிகைலோ பொய்ச்சுக், வசில் செத்லியார், இவான் பதால்கா மூவரையும் சுட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சோஃபியாவையும் சுட்டார்கள். சுவரோவியங்கள் மேல் பூச்சு பூசப்பட்டது அல்லது சுரண்டப்பட்டது. கீவ் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்டவர்களின் ஓவியங்களை ஒதுக்கி வைக்க ‘சிறப்பு நிதியம்’ என்று ஒரு மறைவறை உருவானது. லிவிவ் நகரத்தில் காப்பாற்றப்பட்டிருந்த பொய்ச்சுக்கின் ஓவியங்களையும் 1952-ல் அழித்தார்கள்.

இப்போது அதே ஆண்டுகளின் மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 1936-ல் பெட்ரிகிவ்காவில் அலங்காரக் கலைப் பள்ளி திறந்தது. ஊரின் சிறந்த கைக்காரி தத்யானா பதா (1884–1976) அங்கே ஆசிரியையானார். கீவில் பெச்செர்ஸ்க் லாவ்ரா என்ற மடத்தின் வளாகத்தில் நாட்டார் கலைஞர்களுக்கான பட்டறைகள் நடந்தன. கிராமங்களிலிருந்து திறமைசாலிகளைத் தேடிக் கூட்டி வந்தார்கள். போலொத்னியா கிராமத்து மரியா பிரிமாசென்கோ அப்படி வந்தவர். 1936-ல் நாட்டார் கலைக் கண்காட்சி கீவிலும் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் நடந்தது. 1937-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிரிமாசென்கோவின் படங்கள் தொங்கின. பொய்ச்சுக்கைச் சுட்டதும் அதே ஆண்டுதான்.

இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு குடியரசுக்கு அடையாளமாகப் பூவும் பூத்தையலும் இருக்கலாம், அவை பெட்டியின் மூடியில் அழகாக இருக்கும், வெளிநாட்டு விருந்தினருக்குப் பரிசாகக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பூவின் இலக்கணத்தில் ஒரு மனிதரைக் கட்டினால், அந்த மனிதர் தனக்கென்று ஒரு வரலாறு கொண்டவராக நிற்கிறார். அதிகாரத்துக்கு அது தாங்கவில்லை. 1950களின் இறுதியில் பெட்ரிகிவ்காவில் பட்டறை வளர்ந்து, கறுப்பு வார்னிஷ் பெட்டிகளிலும் தட்டுகளிலும் சுவர்ப் பூக்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றை வரைந்த கைகள் மிகத் திறமையானவை. பதாவின் மாணவர்களான ஃபேதிர் பான்கோவும் மார்ஃபா திம்சென்கோவும் பெரிய கலைஞர்கள். குறை அவர்களிடம் இல்லை. வெள்ளைச் சுவரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பூவுக்குக் கறுப்பு வார்னிஷ் கொடுத்ததே விற்பனைக்கான முடிவு. இன்று உலகத்தில் பலர் உக்ரேனிய நாட்டார் கலை என்றதும் அந்தக் கறுப்புத் தட்டைத்தான் நினைக்கிறார்கள்.

பிரிமாசென்கோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரைக் கள்ளமற்ற கிராமத்துப் பாட்டி என்று பேசுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அது எரிச்சலூட்டுகிறது. சின்ன வயதில் போலியோ தாக்கியவர், போரில் குழந்தையின் தந்தையை இழந்தவர், செர்னோபில் அணு உலைக்கு அதிகத் தொலைவில்லாத ஊரில் கடைசி வரை வாழ்ந்தவர். அவர் வரைந்த விலங்குகளின் உடலெங்கும் கண்களும் பூக்களும் புள்ளிகளும் நிறைந்திருக்கும். கவாஷ் என்ற நீர் வண்ணத்தில், காகிதத்தில் வரைவார். பின்பக்கத்தில் இரண்டு வரி பாட்டு போலத் தலைப்பு எழுதுவார். அணு ஆயுதப் போரைச் சபிக்கும் படம் 1978-ல் வந்தது. போரைப் பற்றி அவ்வளவு நேராக அப்போது அங்கே யார் வரைந்தார்கள்? மிருகத்துக்குள் ஒளித்து வைத்ததால் அந்தக் கோபம் அனுமதிக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

சரி, தட்டையான முகம் மறுபடி எப்போது வந்தது? அதற்கு ஒரு வியப்பான ஆள் காரணம். தத்யானா யாப்லோன்ஸ்கா (1917–2005) சோவியத் அரசு கொண்டாடிய ஓவியர். 1949-ல் அவர் வரைந்த ‘ரொட்டி’ என்ற ஓவியத்தில் கூட்டுப்பண்ணைப் பெண்கள் தானியக் குவியலின் நடுவே வெயிலில் சிரிக்கிறார்கள். ஒளி, வியர்வை, சதை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஸ்டாலின் பரிசு பெற்ற ஓவியம். இதற்கு மேல் அவர் எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் 1960களில் அவர் கார்பாத்திய மலைக்கு அப்பால் உள்ள ஸகார்பாத்தியா கிராமங்களுக்குப் போனார். அங்கே உஷ்ஹோரோத் நகரத்தில் ஏற்கெனவே ஒரு ஓவிய வட்டம் இருந்தது. அந்தப் பகுதி 1945 வரை சோவியத் நாட்டில் இல்லாததால் அதன் ஓவியர்கள் பிராகையும் புடாபெஸ்ட்டையும் பார்த்து வளர்ந்தவர்கள். மலைக் கிராமத்து முகமூடிகளையும் மரச் சிலுவைகளையும் சேகரித்து, அவற்றின் கனத்தைத் தன் ஓவியத்துக்குள் கொண்டுவந்த ஃபேதிர் மனாய்லோ (1910–1978) அவர்களில் ஒருவர்.

யாப்லோன்ஸ்கா திரும்பி வந்து வரைந்தவை அவருடைய பழைய ரசிகர்களைத் திகைக்க வைத்தன. 1966-ல் ‘மணப்பெண்’, 1967-ல் ‘காகிதப் பூக்கள்’. ஒளி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. முரட்டு வெளிக்கோடு. கலப்பில்லாத நிறம். முகங்கள் சிரிக்கவில்லை. தானியத்தின் நடுவே சிரித்த அதே பெண்கள்தான் இவர்களும் என்று வைத்துக்கொண்டு இரண்டு ஓவியங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் அவர்களை நாம் பார்க்கிறோம், பார்க்க அழைக்கப்படுகிறோம். இரண்டாவதில் அவர்கள் நம் பக்கம் திரும்பியும் தங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அலங்காரக் கோடு அவர்களுக்கு ஒரு மறைப்பையும் கௌரவத்தையும் கொடுக்கிறது. வடிவவாதம், அதாவது கருத்தை விட்டு வடிவத்தையே பெரிதாக்குவது, என்ற குற்றச்சாட்டு வராமல் இல்லை. 1970களில் யாப்லோன்ஸ்கா வேறு பாணிக்கு நகர்ந்தார். ஆனாலும், பரிசு பெற்ற ஒருவர் இந்தப் பக்கம் திரும்பியதால் இளைஞர்களுக்கு ஒரு கதவு திறந்தது.

அந்த இளைஞர்களில் சிலர் யாப்லோன்ஸ்காவைவிட அதிக விலை கொடுத்தார்கள். 1964-ல் தேசியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் 150-ஆம் பிறந்த ஆண்டுக்காகக் கீவ் பல்கலைக்கழகத்தில் ஒரு வண்ணக் கண்ணாடி ஓவியம் வைத்தார்கள். அல்லா ஹோர்ஸ்கா, ஒபனாஸ் ஸலிவாகா, லியுத்மிலா செமிகினா, ஹலினா செவ்ருக், ஹலினா சுப்சென்கோ ஆகியோரின் வேலை. கோபமான ஷெவ்சென்கோ, ஒரு கையால் ஒரு பெண்ணை அணைத்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். அதிகாரிகள் உத்தரவில் அதை உடைத்தார்கள். ஹோர்ஸ்காவையும் செமிகினாவையும் ஓவியர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு ஸலிவாகா கைதாகி முகாமுக்குப் போனார்.

தலைநகரத்தில் இடமில்லாத இவர்களுக்குத் தொழில் நகரங்களில் மொசைக் வேலை கிடைத்தது. 1967-ல் மரியுபோல் நகரத்து உணவகம் ஒன்றில் ஹோர்ஸ்காவும் கணவர் விக்தர் ஸரெட்ஸ்கியும் நண்பர்களும் ‘உயிர் மரம்’, ‘வல்லூறு’ என்று இரண்டு மொசைக்குகள் செய்தார்கள். ருஷ்னிக்கின் நடுவில் நிற்கும் அந்த மரம்தான், சுவரளவுக்கு வளர்ந்து. பிற்பாடு தடுப்புச் சுவரால் மறைக்கப்பட்டு, 2008-ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டு, 2022-ல் ரஷ்யப் படை மரியுபோலைத் தரைமட்டமாக்கியபோது அழிந்தது. ஹோர்ஸ்கா 1970 நவம்பர் 28-ல் மாமனார் வீட்டில் கொலை செய்யப்பட்டார். மறுநாள் மாமனார் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். மாமனார்தான் கொன்றார் என்று சொல்லி அரசு வழக்கை மூடியது. சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் கை இருந்தது என்று நண்பர்கள் அன்றே நம்பினார்கள்.

மனைவியையும் தந்தையையும் ஒரே நேரத்தில் இழந்த ஸரெட்ஸ்கி (1925–1990) அதற்குப் பிறகு வரைந்தவைதான் இன்றைய ஓவியர்களை அதிகம் பாதித்திருக்கின்றன. இளமையில் தொன்பாஸ் சுரங்கத் தொழிலாளர்களைக் கறாரான யதார்த்தத்தில் வரைந்தவர் அவர். கடைசி இருபது ஆண்டுகளில் அவருடைய பெண்கள் பூக்களுக்குள் கரைந்துபோகிறார்கள். முகமும் கையும் மட்டும் சதையாக இருக்கும். மற்றதெல்லாம் இதழும் புள்ளியும் நெளிவும். கிளிம்ட்டின் நகல் என்று இவரை ஒதுக்குபவர்கள் உண்டு. கிளிம்ட்டின் செல்வாக்கை ஸரெட்ஸ்கி மறைக்கவில்லை. ஆனால் கிளிம்ட்டின் தங்கத்தில் இருக்கும் செல்வச் செருக்கு இவரிடம் இல்லை. இவருடைய பூக்கள் வயலில் மண்டிக் கிடப்பவை, சில ஓவியங்களில் அவை உடலை மூடிப் புதைப்பது போலவும் இருக்கும். துக்கத்துக்கு இவ்வளவு நிறம் இருக்க முடியும் என்பதை நான் இவரிடம்தான் பார்த்தேன்.

இப்படிப்பட்டவர்கள் பார்த்துக் கற்க மாதிரிகள் கொடுத்த ஒரு வீடும் கீவில் இருந்தது. சிற்பி இவான் ஹோன்சார் (1911–1993) கிராமம் கிராமமாக அலைந்து சட்டைகள், ருஷ்னிக்குகள், ஐகான்கள், பழைய குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் சேகரித்துத் தன் வீட்டையே அருங்காட்சியகமாக வைத்திருந்தார். அரசு அதை விரும்பவில்லை. ஆனாலும் இளைஞர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஓவியர் பொத்தாம்பொதுவாகப் பூத்தையல் சட்டை என்று வரையாமல், போர்ஷ்சிவ் பகுதியின் கனத்த கறுப்புத் தையல், போல்தாவாவின் வெள்ளை மேல் வெள்ளைத் தையல் என்று பிரித்து வரைய முடிவது இப்படிப்பட்ட சேகரிப்புகளால்தான்.

1991-ல் விடுதலை வந்தபோது தடை போயிற்று, சந்தை வந்தது. லெனின்கிராடில் உக்ரேனியக் கருப்பொருள்களை வரைந்ததற்காகத் துரத்தப்பட்டிருந்த ஃபெயோதோசி ஹுமெனியுக் 1993-ல் நாட்டின் உயரிய ஷெவ்சென்கோ பரிசைப் பெற்றார். பரோக் ஐகானின் சிவப்பில் அவர் வரைந்த கொசாக்குகள் நூற்றாண்டுகளின் அடுக்குகளாக ஒரே சட்டகத்துக்குள் நெருக்கிக் கொண்டிருப்பார்கள். இது நல்ல பக்கம். மறுபக்கத்தில், புகைப்படம் போல வழவழப்பாக வரைந்த அழகிய முகத்துக்கு மேல் மலர் வளையத்தையும் பூத்தையல் சட்டையையும் ஒட்டிவைக்கும் ஓவியங்கள் கீவின் ஆந்திரியிவ்ஸ்கி சரிவிலும் இணையக் கடைகளிலும் நிறைந்தன. இரண்டையும் பிரித்தறிய நான் ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். அலங்காரத்தை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பார்ப்பேன். உருவம் அப்படியே நின்றால், அந்த அலங்காரம் வெறும் உடுப்பு. உருவமும் சேர்ந்து சரிந்தால், ஓவியர் மரபுக்குள் வேலை செய்திருக்கிறார்.

இந்தச் சோதனையில் தேறுபவர்கள் லிவிவ் நகரத்தில் அதிகம். அங்கே கலை அகாதெமியில் சமயக் கலைத் துறை 1990களில் தொடங்கியது. 2010-ல் ஐகான்ஆர்ட் என்ற கூடம் திறந்தது. லூபா யாட்ஸ்கிவ், இவான்கா கிரிப்யாகெவிச்-திமித் போன்றவர்கள் பழைய முறையிலேயே மரப்பலகையில் சுண்ணப் பூச்சுக்கு மேல் டெம்பராவில் வரைகிறார்கள், ஆனால் பழைய ஐகானை நகலெடுப்பதில்லை. யாட்ஸ்கிவின் புனிதர்கள் நீண்டு, வளைந்து, வெளிர் நிறங்களில் நிற்பார்கள். மலைப் பகுதியின் கண்ணாடி ஐகான்களில் உள்ள பேச்சுத்தன்மை அவற்றில் கேட்கும். கிரிப்யாகெவிச்-திமித் 2022 ஜூனில் தன் மகனைப் போரில் இழந்தார். நாட்டார் கலையைச் சேகரித்துக்கொண்டே வரைந்த ஒஸ்தாப் லொசின்ஸ்கி அதே ஆண்டின் தொடக்கத்தில், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனது இந்த வட்டத்துக்குப் பெரிய இழப்பு.

கீவில் ஒலெக்ஸாந்தர் கிளிமென்கோவும் சோஃபியா அத்லந்தோவாவும், கிழக்கு உக்ரேனில் போர் தொடங்கிய 2014-க்குப் பிறகு, இன்னொரு வேலை தொடங்கினார்கள். போர்முனையிலிருந்து வரும் காலி வெடிமருந்துப் பெட்டிகளின் பலகைகளில் ஐகான் வரைவது. முதலில் கேட்டபோது இது வெறும் உத்தி என்று தோன்றலாம். பலகைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இரும்புக் கீலும், ராணுவ எழுத்துகளும், ஆணித் துளைகளும் அப்படியே இருக்க, முகம் அவற்றைச் சுற்றி வரையப்பட்டிருக்கும். அந்தப் பலகை பழைய ஐகான் பலகையை அப்படியே நினைவுபடுத்துகிறது என்பதைத்தான் கிளிமென்கோ முதலில் கவனித்தார். விற்ற பணம் போர்முனைத் தன்னார்வ மருத்துவமனைக்குப் போனது.

பயிற்சி பெற்ற ஓவியர்களை மட்டும் பேசினால் கதை பாதியாகிவிடும். கெர்சோன் பகுதியின் ஒலெஷ்கி ஊரில் போலினா ராய்கோ (1928–2004) என்ற மூதாட்டி இருந்தார். மகள் விபத்தில் போனாள், கணவரும் போனார். அறுபத்தொன்பது வயதில், வாழ்நாளில் தூரிகை பிடித்திராதவர், ஓய்வூதியப் பணத்தில் கதவு ஜன்னலுக்கு அடிக்கும் மலிவான எனாமல் பெயிண்ட் வாங்கித் தன் வீட்டுச் சுவர்களில் வரையத் தொடங்கினார். தேவதைகள், புறாக்கள், சிறுத்தை, கிறிஸ்து, இறந்துபோன தன் வீட்டு மனிதர்கள். சுவர், கூரை, வாசல் கதவு என்று ஒரு இடம் விடவில்லை. பண்டிகைக்கு முன் வீட்டுச் சுவரில் பூ வரையும் அதே மரபுதான் இது. வெள்ளைச் சுவரில் பெண்கள் வரைய மறந்திருந்த மனிதர்கள் இங்கே பூக்களோடு சமமாக வந்து சேர்ந்தார்கள். 2023 ஜூன் 6-ல் ககோவ்கா அணை உடைந்தபோது அந்த வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. சுவர்ப் பூச்சு ஊறிப் பெருமளவு விழுந்துவிட்டது. ஊர் ரஷ்யப் படையின் பிடியில் இருந்ததால் காப்பாற்றப் போகவும் வழியில்லை.

2022 பிப்ரவரிக்குப் பிறகு இந்த மரபின் மீது உலகத்தின் கண் திரும்பியது. பிரிமாசென்கோவின் படங்கள் இருந்த இவான்கிவ் அருங்காட்சியகம் போரின் முதல் நாட்களிலேயே எரிந்தது. எல்லாம் அழிந்துவிட்டதாக முதலில் செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் சிலர் எரியும் கட்டடத்துக்குள் போய்ப் படங்களை வெளியே எடுத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த மே மாதம் அவருடைய பூக்கள் ஓவியம் ஒன்று படைக்கு உதவ 5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பொரொத்யான்கா நகரத்தில் குண்டு விழுந்து பாதி இடிந்த அடுக்குமாடியின் சுவரில் ஒரு சமையலறை அலமாரி மட்டும் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் வசில்கிவ் பட்டறையின் பீங்கான் சேவல் ஒன்று. அந்தப் புகைப்படம் பரவியதும், அந்தச் சேவல் எத்தனையோ ஓவியங்களுக்குள் நுழைந்தது. 2022 நவம்பரில் கெர்சோன் கலை அருங்காட்சியகத்திலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை ரஷ்யப் படை அள்ளிச் சென்றது. அதே மாதம் 15-ஆம் தேதி கீவ் மீது ஏவுகணைகள் பாய்வதற்குச் சில மணி நேரம் முன்னால், பொய்ச்சுக்கின் மாணவர்களுடையவை உட்பட 1900–1930 காலத்து ஓவியங்கள் ஏற்றிய லாரிகள் மாட்ரித் நோக்கிப் புறப்பட்டன. மறைவறையில் ஒதுக்கப்பட்டிருந்த முகங்களை மாட்ரித், கொலோன், பிரஸல்ஸ், வியன்னா, லண்டன் என்று மக்கள் பார்த்தார்கள்.

இந்தக் கவனம் இளம் ஓவியர்களுக்கு உதவி, அதே நேரத்தில் சுமையும்கூட. பூத்தையலும் மலர் வளையமும் இருந்தால் ஓவியம் உடனே புரிகிறது, உடனே விற்கிறது. போரைப் பற்றி வேறெப்படியாவது வரைய நினைப்பவரிடமும் பூக்களை எதிர்பார்க்கிறார்கள். பெட்ரிகிவ்காப் பூவைக் கறுப்புத் தட்டில் ஏற்றிய அதே அழுத்தம் இன்று அன்போடு வருகிறது. இதைச் சமாளிக்க வல்ல படிப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஒரு இடத்தைச் சொல்வேன். லாவ்ரா வளாகத்தில் 1930களில் நாட்டார் கலைஞர்களுக்காக நடந்த பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் கீவின் அலங்காரக் கலை அகாதெமி. பூத்தையல், நெசவு, பீங்கான், மர வேலை எல்லாவற்றோடும் உருவ ஓவியமும் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்கிறார்கள். அதற்கு இன்று மிகைலோ பொய்ச்சுக்கின் பெயர். 2024 மார்ச் 25 காலையில் ரஷ்ய ஏவுகணை ஒன்று அந்த அகாதெமியின் வளாகத்தைத் தாக்கிக் கண்காட்சிக் கூடத்தை இடித்தது.